வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டு ஏன் குறையவில்லை? செவிலியர்கள் பேசலாம்

செவிலி_தர்மபுரி

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் இடத்தில் நோயாளிப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றும்போது, "எழுத்து வேலை பாதியாகும், நோயாளி பக்கத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம்" என்று சொன்னார்கள். நானும் ஆசையோடுதான் பயிற்சிக்குப் போனேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். காலையில் வந்ததும் ஓவர் எடுக்கிறோம் (முந்தைய ஷிஃப்ட் சிஸ்டரிடம் நோயாளி விவரம் கேட்டு வாங்குவது), அது நோட்டில். பி.பி., பல்ஸ், டெம்பரேச்சர் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் நர்ஸிங் ஸ்டேஷனில்தான் இருக்கிறது, கட்டில் பக்கத்தில் இல்லை. பிறகு அதை டி.பி.ஆர். சார்ட்டில் (டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு குறிக்கும் தாள்) ஏற்றுகிறோம். பிறகு அதையே கம்ப்யூட்டரில். மருந்து கொடுத்தால் டிரக் சார்ட்டில் கையெழுத்து, கம்ப்யூட்டரில் ஒரு டிக், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரி. காப்பீட்டு நோயாளி என்றால் அதற்குத் தனிக் கோப்பு. ஒரே எண்ணை இத்தனை இடத்தில் எழுதும்போது எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று யார் உறுதி தர முடியும்?

பேப்பரை ஏன் விடவில்லை என்று கேட்டால், "ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், கோர்ட்டுக்கு வேண்டும்" என்கிறார்கள். டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து டைப் அடிக்கிறோம். அந்த நேரத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

எங்களைப் பற்றி மேலே போகும் ரிப்போர்ட்டில், "செவிலியர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை, மாற்றத்துக்குத் தயங்குகிறார்கள்" என்று இருக்கிறது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம். போனில் பணம் அனுப்புகிறோம், பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடுகிறோம். எங்களுக்குப் பழக்கம் இல்லை என்பது சரியில்லை. பழைய வேலையை எடுக்காமலே புது வேலையை அதன்மேல் வைத்திருக்கிறார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வேலை பார்ப்பவர்கள் உங்கள் இடத்தில் எப்படி என்று எழுதுங்கள்.

ஓசூர்_நைட்டூட்டி

அக்கா, எங்கள் இடத்திலும் இதேதான். கூடவே நேரப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய ஆன்டிபயாடிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டோம். அந்த நேரம் பார்த்து ஹைவே ஆக்சிடென்ட் கேஸ் வந்துவிடுகிறது. எல்லாம் முடிந்து எட்டரை மணிக்குத்தான் ஸ்கிரீன் முன்னால் உட்கார முடிகிறது. அப்போது டிக் போட்டால் மருந்து எட்டரைக்குக் கொடுத்ததாகப் பதிவாகிறது. அடுத்த டோஸை மதியம் இரண்டு மணிக்குக் காட்ட வேண்டிய சிஸ்டம் நாலரைக்குக் காட்டுகிறது. மதியம் டியூட்டிக்கு வரும் சிஸ்டர் ஸ்கிரீனைத்தான் நம்புவார். நம்பத்தான் வேண்டும், அதற்காகத்தானே கொண்டுவந்தார்கள்?

இதற்காகவே நாங்கள் டிரக் சார்ட்டைக் கையில் வைத்திருக்கிறோம். நிர்வாகம் கேட்காவிட்டாலும் பேப்பரை விட எங்களுக்கு மனம் வராது.

மென்பொருள்_கிருஷ்ணகிரி

நான் செவிலியர் இல்லை. மருத்துவமனை மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஓசூர் சிஸ்டர் சொன்னதற்கு மட்டும் பதில்.

// அப்போது டிக் போட்டால் மருந்து எட்டரைக்குக் கொடுத்ததாகப் பதிவாகிறது //

மருந்து கொடுத்த நேரம் ஒன்று, பதிவு செய்த நேரம் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்க வேண்டும். நான் வேலை செய்த மென்பொருள்களில் அது இருக்கிறது. பல இடங்களில் நிர்வாகமே முதல் கட்டத்தைப் பூட்டச் சொல்கிறது. செவிலியர்கள் நேரத்தை மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். உண்மையில் சந்தேகப்பட அவசியமே இல்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பின்னால் தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும், அதை வார்டிலிருந்து அழிக்க முடியாது. அந்தக் கட்டத்தைத் திறந்துவிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு செட்டிங் மாற்றினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்பனைக்கு முன் டெமோ காட்டும்போது அறையில் இருப்பவர்கள் நிர்வாகி, கணக்குப் பிரிவு, ஒன்றிரண்டு டாக்டர்கள். வார்டு செவிலியர் ஒருவரை அழைத்து உட்கார வைத்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் பில்லிங் பக்கம் வழுவழுவென்று ஓடுகிறது, நர்ஸிங் பக்கத்தில் ஒரு பி.பி. போட ஐந்து திரை மாற வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற_மேட்ரன்

பிள்ளைகளே, நீங்கள் சொல்வது அத்தனையும் நியாயம். ஆனால் பேப்பர் காலம் பொற்காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் அதில்தான் முழு சர்வீஸும் பார்த்தேன்.

நம்ம தர்மபுரிப் பக்கம் பெயர்களைப் பாருங்கள். ஒரு வார்டில் மாதம்மாள் இரண்டு பேர், மூன்று பேர் கூட இருப்பார்கள். மாது, மாதையன், மாதேஷ், முனியம்மாள், முனியப்பன். ஊர்ப்பெயரும் ஒன்றாக இருக்கும், வயதைத் தோராயமாகச் சொல்வார்கள். ரத்த ரிப்போர்ட் ஒருவருடையது இன்னொருவர் கேஸ் ஷீட்டுக்குள் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்தம் ஏற்றுவதற்கு முன் பிடித்தோம். பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்சுலின் இன்னொரு உதாரணம். யூனிட் என்பதற்கு 'யு' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யம் மாதிரித் தெரியும். நான்கு யூனிட் நாற்பதாகிவிடும். இது உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்து. டாக்டர்கள் மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016ல் மருத்துவக் கவுன்சிலே விதியைத் திருத்த வேண்டி வந்தது. கம்ப்யூட்டரில் டைப் அடித்த ஆர்டரில் அந்தக் கிறுக்கல் ஆபத்து போய்விடுகிறது.

அதனால் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செவிலி_தர்மபுரி

மேடம், மாதம்மாள் விஷயம் கம்ப்யூட்டரிலும் தீரவில்லை. ஆங்கில எழுத்தில் ஒருவர் டி.ஹெச். போட்டு அடிப்பார், ஒருவர் டி மட்டும், ஒருவர் கடைசியில் வரும் 'எல்' எழுத்தை விட்டுவிடுவார். தேடினால் கிடைக்காது. உடனே ரிசப்ஷனில் புதிதாக ஒரு நம்பர் போட்டுவிடுகிறார்கள். ஒரே அம்மாவுக்கு மூன்று நம்பர், மூன்று பதிவு. பென்சிலின் அலர்ஜி என்று ஒன்றில் இருக்கும், மற்ற இரண்டிலும் இருக்காது.

மென்பொருள்_கிருஷ்ணகிரி

அதற்குத்தான் பெயரை வைத்து மட்டும் தேடக்கூடாது என்பது. போன் நம்பர், பிறந்த வருடம், ஊர் இவற்றையும் சேர்த்துத் தேட வேண்டும். 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் (நோயாளிக்கான சுகாதார அடையாள எண்) இதற்குத்தான் வந்தது. ஆனால் நோயாளி அந்த எண்ணோடு வர வேண்டும், ரிசப்ஷனில் கேட்க வேண்டும், பழைய பதிவுகளை அதோடு இணைக்க ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த மூன்றாவது வேலைக்கு எந்த மருத்துவமனையும் ஆள் போட்டு நான் பார்க்கவில்லை.

அஞ்செட்டி_கிராமசெவிலியர்

நான் கிராம சுகாதாரச் செவிலியர். உங்களுக்கு ஒரு வார்டு, எங்களுக்கு மலையும் காடும்தான் வார்டு.

எங்கள் வேலையில் கம்ப்யூட்டர் என்பது கையில் இருக்கும் போனும் டேப்லெட்டும்தான். கர்ப்பிணிப் பதிவு பிக்மி என்ற அரசு இணையதளத்தில், அதில் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வரும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணமும் அதை ஒட்டித்தான். தடுப்பூசிக்கு யூ-வின். காசநோய்க்கு நிக்‌ஷய். சர்க்கரை, பி.பி.க்கு மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ல் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒவ்வொன்றும் தேவையானது. ஆனால் ஒன்றில் போட்ட பெயரும் வயதும் இன்னொன்றுக்குத் தானாகப் போவதில்லை. ஒரே பெண்ணை நான் திரும்பத் திரும்ப அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன்.

சிக்னல் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைக்குள் இருக்கும் ஊர்களில் போன் வெறும் டார்ச் லைட். அங்கே நோட்டில் எழுதிக்கொண்டு, சிக்னல் வரும் இடத்துக்கு இறங்கி வந்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுவோம். சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்து வைத்துக்கொண்டு பிறகு தானாக அனுப்பும் வசதி எல்லாச் செயலியிலும் சரியாக இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பென்னாகரத்தில் கட்டிக்கொடுத்த பெண் ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு இங்கே வருவாள். வேறு சிலர் பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து நேராக வலியோடு வருவார்கள். முன்பெல்லாம் ரத்த வகை என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, முதல் குழந்தை சிசேரியனா என்று எதுவும் தெரியாமல் தவிப்போம். அட்டையை மறந்துவிட்டு வந்திருப்பாள். இப்போது அந்த எண்ணை வைத்துப் பார்த்துவிட முடிகிறது. ரத்தசோகை உள்ள பெண்ணை முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம். அதனால்தான் ராத்திரி தூக்கத்தை விட்டு ஏற்றுகிறேன். யாரும் கட்டாயப்படுத்தி இல்லை.

பிரசவவார்டு_பாலக்கோடு

கிராமச் செவிலியர் அக்காவுக்கு என் வணக்கம். நீங்கள் ஏற்றியதைத்தான் நாங்கள் இங்கே திறந்து பார்க்கிறோம்.

நான் பார்ட்டோகிராஃப் பற்றி எழுத வேண்டும். பிரசவ வார்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வலி வந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, அரை மணிக்கு ஒரு முறை குழந்தையின் இதயத் துடிப்பு, வலி எத்தனை முறை எவ்வளவு நேரம் வருகிறது, தாயின் பல்ஸ், பி.பி. எல்லாம் ஒரே தாளில் கோடாக வரும். வாய் நாலு சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் எச்சரிக்கைக் கோடு ஒன்று முன்னாலேயே போட்டிருக்கும். நாம் போடும் கோடு அதைத் தாண்டி வலப்பக்கம் சரிந்தால் பிரசவம் தாமதமாகிறது என்று அர்த்தம். கட்டில் அருகே நின்றபடி, இரண்டு நொடியில் தெரிந்துவிடும். டாக்டரைக் கூப்பிட வேண்டுமா என்று யோசிக்கக்கூட வேண்டாம், தாளே சொல்லும்.

இதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தபோது எங்கள் இடத்தில் அந்தக் கோடுகளையே எடுத்துவிட்டார்கள். அட்டவணையாக எண்கள் மட்டும் வருகின்றன. மணி, சென்டிமீட்டர், துடிப்பு. எல்லாத் தகவலும் அங்கே இருக்கிறது, ஆனால் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது வரிகளைப் படித்து மனதுக்குள் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் வலியில் இருக்கும்போது அது நடக்குமா?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் பிரசவப் பராமரிப்புக்குப் புது வழிகாட்டித் தாள் கொடுத்தது. அதில் அந்த எச்சரிக்கைக் கோடு எடுக்கப்பட்டு, ஐந்து சென்டிமீட்டரிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இவ்வளவு நேரத்தைத் தாண்டினால் கவனி என்று மாறியிருக்கிறது. வடிவம் மாறலாம், தவறில்லை. அதிலும் எச்சரிக்கைக்கு என்று தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்த்தால் செவிலி எழுந்து ஓடுவாள் என்று யோசித்துச் செய்த தாள் அது. எங்கள் ஸ்கிரீனை அப்படி யோசித்துச் செய்யவில்லை.

மென்பொருள் தம்பி, எண்ணை வாங்கிக் கோடாகக் காட்டுவது உங்களுக்குப் பெரிய வேலையா?

மென்பொருள்_கிருஷ்ணகிரி

இல்லை அக்கா. செய்யக்கூடியதுதான். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவர்களை நாங்கள் பார்க்கவும் இல்லை. இதைக் குறித்துக்கொண்டேன். உங்கள் பார்ட்டோகிராஃபின் வெற்றுத் தாள் ஒன்றைப் போட்டோ எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். நோயாளி விவரம் எதுவும் இல்லாமல் அனுப்புங்கள்.

பாப்பாரப்பட்டி_மகன்

நோயாளி வீட்டுக்காரனாக ஒன்று. அம்மாவோடு வார்டில் தங்கியிருந்தேன். சிஸ்டர் வந்து கேள்வி கேட்கும்போது முகம் ஸ்கிரீனில் இருந்தது. அம்மாவுக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. சிஸ்டரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு எத்தனை பெட் என்று கண்ணால் பார்த்தேன். முதலில் பேசிவிட்டு அப்புறம் பதிந்தால் எங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

நர்ஸிங்_மாணவி

ஒரு சந்தேகம் அக்கா. கிளினிக்கல் போஸ்டிங்கில் எங்களுக்கு லாகின் கிடையாது. வார்டு சிஸ்டரின் லாகினைத் திறந்து வைத்துவிட்டு எங்களை ஏற்றச் சொல்கிறார்கள். சரியா?

ஓய்வுபெற்ற_மேட்ரன்

சரியில்லை கண்ணு. நீ ஏற்றிய ஒவ்வொரு வரியும் அந்த சிஸ்டரின் கையெழுத்து. நாளைக்கு ஒரு கேஸ் என்று வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உனக்கும் பாதுகாப்பு இல்லை. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் இந்த சிஸ்டர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த செவிலியருக்கு லாகின் வர வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை வார்டு ஓட வேண்டும் அல்லவா? சேரும் நாளிலேயே லாகின், மாணவிகளுக்கு இன்னொருவர் சரிபார்த்து ஏற்கும் மாதிரியான தனி லாகின். இதை நிர்வாகம் செய்து கொடுக்க வேண்டும். செய்யாமல் வைத்துக்கொண்டு செவிலியர் மேல் பழி போடக்கூடாது.

பாலக்கோடு_டு_லண்டன்

பாலக்கோட்டுப் பெண்தான், இப்போது இங்கிலாந்தில் வார்டில் இருக்கிறேன். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். 2002ல் நாடு முழுக்க ஒரே மருத்துவப் பதிவுத் திட்டம் என்று ஆரம்பித்து, கோடிகோடியாகக் கொட்டி, 2011ல் அதைக் கலைப்பதாக அரசே அறிவித்தது. வார்டில் இருப்பவர்களைக் கேட்காமல் மேலிருந்து இறக்கியதை அதற்குப் பெரிய காரணமாகச் சொல்வார்கள்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் உள்ள மூன்று விஷயங்கள் நம்ம ஊருக்கும் ஒத்துவரும். ஒன்று, சக்கரம் வைத்த வண்டியில் கம்ப்யூட்டர். கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு போய், பார்த்ததை அங்கேயே பதிவோம். துண்டுச்சீட்டு போய்விட்டது. இதற்குப் பெரிய செலவில்லை, லேப்டாப்பும் டிராலியும் நல்ல வைஃபையும் போதும். அடுத்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும் நன்றாகத் தெரிந்த ஒரு செவிலி. ஆரம்ப வாரங்களில் அவருக்கு நோயாளி ஒதுக்கமாட்டார்கள், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. கம்பெனிக்காரர் வந்து ஒரு மதியம் ப்ரொஜெக்டரில் காட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். மூன்றாவது, சிஸ்டம் நின்றால் என்ன செய்வது என்று சிவப்புக் கோப்பு ஒன்று எல்லா வார்டிலும் உண்டு.

ஓசூர்_நைட்டூட்டி

அந்தச் சிவப்புக் கோப்பு எங்களுக்கும் வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் சர்வர்களை ஹேக் செய்தபோது நாள்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதித்தான் ஓட்டினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை. எங்கள் இடத்தில் கரண்ட் போய் யூ.பி.எஸ். தீர்ந்தாலே யாருக்கு என்ன மருந்து என்று தெரியாமல் நிற்கிறோம்.

செவிலி_தர்மபுரி

எல்லோருக்கும் நன்றி. இங்கே பேசியதை வைத்து எங்கள் வார்டு செவிலியர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுகிறோம். கோர்ட், ஆடிட் என்ற பதிலுக்கு என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. யாருக்காவது தெரியுமா?

மென்பொருள்_கிருஷ்ணகிரி

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்வதையே தருகிறேன். 2002ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதியில், உள்நோயாளிப் பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதே விதியில், பதிவுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்க முயற்சி எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மின்னணுப் பதிவுக்கு 2000ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகாரம் கொடுத்துவிட்டது. கோர்ட்டில் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63வது பிரிவு. மருத்துவமனைகளுக்கான மின்னணுப் பதிவுத் தரங்களை மத்திய சுகாதார அமைச்சகம் 2013ல் வெளியிட்டு 2016ல் புதுப்பித்தது.

அதனால் கோர்ட்டுக்காகவே எல்லாவற்றையும் பேப்பரிலும் எழுத வேண்டும் என்பது நிற்காது. ஒப்புதல் படிவம், மெடிக்கோ-லீகல் கேஸ் (விபத்து, அடிதடி மாதிரி போலீஸுக்குப் போகும் கேஸ்) இவற்றைப் பேப்பரில் வைத்திருக்கட்டும், அது வேறு. உண்மையில் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால்தான் கோர்ட்டில் ஆபத்து. டிரக் சார்ட்டில் ஆறு மணி, கம்ப்யூட்டரில் எட்டரை என்றால் வக்கீலுக்கு அது ஒன்றே போதும். மனுவில் இதை முதலில் எழுதுங்கள். நிர்வாகத்துக்கு உடனே புரியும்.

ஓய்வுபெற்ற_மேட்ரன்

மனுவில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், ஒன்றும் கிடைக்காது. ஒரு வார்டு, ஒரு ரிஜிஸ்டர் என்று ஆரம்பியுங்கள். டி.பி.ஆர். சார்ட்டை ஒரு வார்டில் மட்டும் நிறுத்திப் பார்க்கக் கேளுங்கள், கூடவே அந்த வார்டுக்கு ஒரு டிராலி லேப்டாப். டியூட்டி முடிந்து உட்காரும் நேரத்தை அந்த மாதம் முழுக்க நீங்களே குறித்து வையுங்கள். குறைந்தால் அடுத்த ரிஜிஸ்டரைக் கேட்க உங்கள் கையில் கணக்கு இருக்கும்.

செவிலி_தர்மபுரி

மனு கொடுத்தோம். டி.பி.ஆர். சார்ட்டை எங்கள் வார்டில் மட்டும் சோதனையாக நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மருந்து கொடுத்த நேரத்தை நாங்களே போடும் கட்டத்தைத் திறந்துவிட்டார்கள். டிராலிக்குப் பட்ஜெட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இருக்கும் ஒரு பழைய லேப்டாப்பை டிரெஸ்ஸிங் டிராலியில் வைத்துக்கொள்ளலாமாம். ஸ்டாக் ரிஜிஸ்டர் பற்றிப் பேச்சே இல்லை. கம்ப்யூட்டர் நின்றால் வேண்டிய கோப்பை நாங்களே தயார் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. மேடம், அதில் என்னென்ன வைப்பது?

ஓய்வுபெற்ற_மேட்ரன்

தினமும் காலை, இரவு இரண்டு வேளையும் வார்டு லிஸ்ட் ஒரு பிரிண்ட்: பெட் நம்பர், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், நோயாளி எண், அலர்ஜி, ஓடிக்கொண்டிருக்கும் மருந்து, அடுத்த டோஸ் நேரம். வெற்று டிரக் சார்ட், டி.பி.ஆர்., இன்டேக்-அவுட்புட் தாள் (உடம்புக்குள் போன, வெளியேறிய திரவ அளவு எழுதுவது) பெட்டுக்கு ஒன்று வீதம். லேப், ரத்த வங்கி, பார்மஸியின் இன்டர்காம் எண்கள். சிஸ்டம் நின்ற நேரம், வந்த நேரம் எழுத ஒரு தாள். திரும்ப வந்ததும் எதை யார் ஏற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள், மருந்துப் பதிவுதான் முதலில். பழைய பிரிண்டை அன்றன்றே கிழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நேற்றைய தாளைப் பார்த்து இன்றைக்கு மருந்து கொடுத்துவிடுவார்கள்.

அஞ்செட்டி_கிராமசெவிலியர்

இந்த லிஸ்ட்டை நான் என் கர்ப்பிணிகளுக்கு மாற்றி எழுதிக்கொள்கிறேன் மேடம். அலர்ஜிக்குப் பக்கத்தில் ரத்த வகை, பிரசவ நாள், 108 வரும் இடம் வரைக்கும் யார் தூக்கிக்கொண்டு வருவார் என்பதையும் சேர்த்து.